புருவத்தை அடக்கத் தெரியாத செவிலி

வாசனையில்லாத சோப்பால் செவிலி கையை இரண்டாம் முறையாகக் கழுவிவிட்டு, விரல்களைத் தானே முகர்ந்து பார்க்கிறார். எதுவும் மணக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் மோப்பத்தைச் சோதிக்க மைக்குப் பதில் மணம் நிரப்பிய வாசனைப் பேனாக்கள் உள்ள பெட்டியைத் திறக்கிறார். ஒவ்வாமையால் வருடக்கணக்கில் சைனஸில் அவதிப்பட்டு மோப்பம் இழந்தவர்களிடம் ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் அறை அது. சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று இந்தச் செவிலிக்கும் தெரியாது.

அதில் அவருக்கு வருத்தமில்லை. முகம்தான் வம்பு. மனசில் உள்ளதை அப்படியே ஊருக்குச் சொல்லிவிடும் முகம். "உன்கூட சீட்டாடுறது எனக்கே பாவமா இருக்கு" என்பார் கணவர்.

இந்த அறையில் அதைக் கண்டுபிடித்தவர், சோதனைக்கு வரும் கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவர் ஒருவர். கேஸ் கசிந்தால்கூடத் தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு அந்தத் தொழில்! போகிற வீட்டுக்கெல்லாம் மனைவியைக் கூட்டிப்போய் முதலில் முகரச் சொல்கிறார். "என் மூக்கு முன்னால போகும், நான் பின்னால போவேன்" என்று சிரிப்பார். மனைவிக்கு இப்போது முழங்கால் வலி, படியேற முடிவதில்லை. மருந்து கைகொடுக்காவிட்டால் தொழிலை விட வேண்டியதுதான்.

போன சோதனையில் எல்லாப் பேனாவையும் சரியாகச் சொன்னார். செவிலிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது அவரே உடைத்தார்: "எனக்கு ஒண்ணுமே மணக்கல சிஸ்டர். எலுமிச்சையா, சோப்பா, காபியா, புகையான்னு கேக்கறீங்கல்ல? சரியானது வர்றப்ப உங்க புருவம் மேல போகுது. நீங்க சந்தோஷப்பட்டீங்க... அப்படியே சொல்லிட்டுப் போயிட்டேன்."

செவிலிக்கு அழுகையே வந்துவிட்டது. கோபம் அவர்மேல் இல்லை, தன் புருவத்தின்மேல். மருத்துவரிடம் தானே போய், அந்தச் சோதனை செல்லாது என்று சொன்னார்.

இன்று செவிலி, பழுதுபார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேனாவை மூக்கருகே நீட்டுகிறார்.

"தெரியல."

அடுத்தது.

"தெரியல. இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர்."

அதற்கடுத்ததும் தெரியவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூட இங்கே அனுமதி கிடையாது.

இன்னொரு பேனா. நான்கு பெயரையும் சொல்லி முடிக்கிறார். இதுவும் தெரியவில்லை போலும். சரி, போகட்டும் என்று பேனாவை விலக்கப் போகிறார்.

பழுதுபார்ப்பவர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி, செவிலியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துப் பேனாவை மறுபடி மூக்கருகே இழுத்துக்கொள்கிறார்.