கப்பலேறாத தாத்தா

2011 ஜூலை மாதம், சிட்னி. எலும்புக்குள் இறங்குகிற குளிர். வெஸ்ட்மீட்டில் ஓர் இலங்கைத் தமிழ் அன்ரியின் வீட்டு அறையில் நானும், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவியும் ஒண்டியிருந்தோம். ஆகஸ்டில் அன்ரியின் மகள் குடும்பத்தோடு வருவதால் அதற்குள் காலி செய்தாக வேண்டும். அன்ரி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "ஆறுதலாப் பாருங்கோ தம்பி" என்பார். அதனாலேயே எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இந்த ஊரில் வீடு பிடிப்பதற்குப் பெண் பார்ப்பது தேவலை. சனிக்கிழமைதோறும் இன்ஸ்பெக்‌ஷன் வரிசையில் முப்பது பேரோடு நின்று, அலமாரியைத் திறந்து மூடிவிட்டு விண்ணப்பம் கொடுப்போம். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் ரெஃபரன்ஸ் கேட்பார்கள். வந்து மூன்றே மாதமான எனக்கு யார் கொடுப்பார்? பதினோரு வீடுகள் கைவிட்டுப் போயின.

அப்போதுதான் மளிகைக் கடைப் பலகையில் அந்தச் சீட்டைப் பார்த்தேன். தன் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விடும் ஒரு வெள்ளைக்கார அம்மா எழுதியது. எண்பதைத் தாண்டியவர். நான் நீட்டிய காகிதங்களைத் திறக்கவே இல்லை. இந்தியாவில் எந்த ஊர் என்றார். தூத்துக்குடி, துறைமுக ஊர் என்றேன். துறைமுகம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவருடைய அப்பா சிட்னித் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவராம். 1945இல் உலகப்போர் முடிந்ததும் இந்தோனேசியா தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது. அதுவரை ஆண்ட டச்சுக்காரர்கள் சும்மா விடுவார்களா? படையோடு திரும்பக் கிளம்பினார்கள். அவர்களுக்கு ஆயுதம் ஏற்றிப்போகும் கப்பல்கள் இங்கே நின்றன. முதலில் இந்தோனேசிய மாலுமிகள் வேலை செய்ய மறுத்துக் கப்பலைவிட்டு இறங்கினார்கள். சரக்கேற்ற மாட்டோம் என்று அவருடைய அப்பாவும் கூட்டாளிகளும் கையைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு இந்திய மாலுமிகளும் இறங்கிவிட்டார்கள். கிளம்பிவிட்ட ஒரு கப்பலைச் சின்ன மோட்டார் படகில் துரத்திப்போய், அதிலிருந்த இந்தியர்களை அவர்கள் மொழியிலேயே கூப்பிட்டு நிறுத்தினார்களாம். இறங்கிய இந்திய மாலுமிகளுக்கு ஊருக்குத் திரும்ப வழி இல்லை, தங்க இடம் இல்லை. ஒரு மண்டபத்தில் படுத்திருந்த அவர்களுக்குப் பதினெட்டு வயதில் இந்த அம்மா சமைத்துப் போட்டிருக்கிறார். முதல் நாள் சோறு களியாகிவிட்டது. ஒருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். மறுநாள் ஒருவர் தானே வந்து வடித்துக் காட்டினாராம்.

இதெல்லாம் எனக்குத் துளிகூடத் தெரியாது. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்து, உன் குடும்பத்தில் யாராவது கப்பலில் இருந்தார்களா என்று கேட்டார்.

என் தாத்தா மிட்டாய்க் கடை வைத்திருந்தவர். தோணியில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பார். "ஆமாம், என் தாத்தா" என்றேன். வாய் தவறி அல்ல, தெரிந்தேதான் சொன்னேன். பொய் என்றைக்குத் தனியாக வந்திருக்கிறது? தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தது. தாத்தாவின் பெயரையும் சொல்லி, சிட்னி என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றும் சேர்த்துவிட்டேன். அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. வரும் சனிக்கிழமை சாவி தருவதாகச் சொன்னார். ஆகஸ்ட் பதினேழு இந்தோனேசியாவின் சுதந்திர தினம், நண்பர்கள் கூடுவார்கள், தாத்தா படத்தோடு வந்து நீ இரண்டு வார்த்தை பேசு என்றார்.

அன்று மாலையே, வெட்கக்கேடு, கம்ப்யூட்டரில் மிட்டாய்க்கடைத் தாத்தாவுக்கு மாலுமித் தொப்பி பொருத்திக்கொண்டிருந்தேன். மனைவி பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. என்ன இது என்று கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தம்மா பாவங்க. பச்சப்புள்ளையோட அன்ரி வீட்டு ஹால்ல வேணா கெடக்குறேன். இந்தப் பொய்யில எம்புள்ளைக்குத் தொட்டில் கட்ட மாட்டேன்."

சனிக்கிழமை காலை போனேன். மேசைமேல் சாவி தயாராக இருந்தது. உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பிப் படத்தையும் மறைக்கவில்லை. அவர் சாவியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசம் அவங்களுக்குச் சோறு போட்டேன். ஒருத்தர் பேரைக்கூடக் கேட்டு வச்சுக்கலை. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு பேராவது கிடைச்சுதேன்னு இந்த வாரம் பூரா சந்தோஷமா இருந்தேன்" என்றார்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். கேட் வரைக்கும் போயிருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். கோபம் ஆறவில்லை, முகம் சிவந்துதான் இருந்தது. சாவியை நீட்டினார்.

"அவங்க கப்பலைவிட்டு இறங்கினப்ப, இந்தோனேசியாக்காரங்க யாரோட பேரப்பிள்ளைங்கன்னு கேட்டுட்டா இறங்கினாங்க? கேட்டது என் தப்பு. உன் மனைவியைக் கூட்டிட்டு வா."

நடுத்தெருவில் நின்று அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆகஸ்ட் பதினேழுக்கும் போனேன், படம் இல்லாமல். நாற்பது பேர் முன்னால் என் தாத்தா மிட்டாய்க் கடைக்காரர் என்று தொடங்கி நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தது அந்த அம்மாதான். மனைவி கிண்டிய எலுமிச்சைச் சாதத்தை இந்தோனேசியர்களின் மஞ்சள் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சோறு பொலபொலவென்று இருக்கிறது என்று அவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்டோபரில் மகள் பிறந்து அந்தப் பின்கட்டுக்கே வந்தாள்.

இன்றைக்கும் புதிதாக வந்த யாராவது போன் செய்து வீட்டுக்கு ஒரு ரெஃபரன்ஸ் கேட்டால், 'எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை' என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வருகிறது. பெயர் தெரியாத அந்த மாலுமிகளை நினைத்து அதை விழுங்கிவிட்டு, முதலில் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.