எனக்கு எதிராக ஒரு ஜெபக் கூட்டம்

போன வருடம் கார்த்திகை மாதம், ஞாயிறு பாடசாலையை விட்டுவிடுவது என்று நான் முடிவெடுத்திருந்தேன். செங்கலடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிறிய சபையில் பத்து முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு நான்தான் டீச்சர். ஆறு பேர். அந்த வயதைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாடச் சொன்னால் வெட்கம். கதை சொன்னால், "இது தெரியும் டீச்சர்." ஜெபிக்கச் சொன்னால் ஆறு பேரும் தரையைப் பார்ப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரே மூச்சில் ஆமென் வரைக்கும் ஓடிவிட்டு, ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

எட்டு மாதம் நான் ஒரே ஜெபத்தைத்தான் செய்தேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லாமல், தாங்களாகவே, ஒரு தடவை உம்மிடம் பேசட்டும்." பதில் இல்லை. அழுதும் பார்த்தேன். நத்தார்ப் பண்டிகைக்குள் அது நடக்காவிட்டால் வகுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று போதகர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன்.

சொன்ன கையோடு வசனப் போட்டியில் இறங்கினேன். கல்லடியில் பல சபைகள் சேர்ந்து நடத்துவது. போகிறவள் ஒரு கேடயத்தையாவது வைத்துவிட்டுப் போகலாமே என்ற எண்ணம். ஆளுக்கு நாற்பது வேதாகம வசனம் மனப்பாடம். சனிக்கிழமைகளில் மூன்று மணித்தியாலம் பயிற்சி. என் கழுத்தில் விசில்.

"நீ புள்ளையளப் போட்டிக்கு அனுப்பப் போறியா, பொலிசுல சேக்கப் போறியா?" என்று ஓட்டோ ஓட்டும் என் கணவர் கேட்டார். நான் வசனத் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போட்டிக்கு முந்திய சனிக்கிழமை, பயிற்சி இடைவேளையில் சபைக்கு வெளியே வந்தேன். ஆறு பேரில் சின்னவளான அபிஷா, தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கும் சீமெந்து மேடையில் ஏணி வைத்து ஏறி, வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற ஐந்து பேரும் கிணற்றடியில் குந்தியிருந்தார்கள். அவள் இறங்கி ஓடிப்போய் ஏதோ சொன்னாள். அவர்கள் திரும்பவும் ஏறச் சொல்லி அனுப்பினார்கள். குழப்படி என்று நினைத்து விசிலை ஊதினேன். அபிஷாவைப் பத்து நிமிடம் சுவரோரம் நிற்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை பிடித்தது. அந்த வருடம் பிந்தியிருந்த மழை, வட்டியும் முதலுமாக வந்தது. நான் முழந்தாளில் நின்று, "ஆண்டவரே, கல்லடி போய்ச் சேரும் வரைக்குமாவது நிறுத்தும்" என்று கெஞ்சினேன். விடிந்து பார்த்தால் வீதியில் முழங்காலளவு தண்ணீர். கணவர் ஓட்டோவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், திரும்பவும் போர்வைக்குள் போய்விட்டார். போட்டி ஒத்திவைக்கப்பட்டது என்று தொலைபேசியில் சொன்னார்கள். நான் விசிலை அலுமாரிக்குள் எறிந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் பின்னேரம் ஆறு பேரும் தொப்பலாக நனைந்து என் வாசலில் நின்றார்கள். மூத்தவள் ஜெனிஷா முன்னால் வந்தாள்.

"டீச்சர், ஏசமாட்டீங்களா?"

"முதல்ல விசயத்தச் சொல்லு மனே."

"இந்த மழைய நாங்கதான் கேட்டம்."

பஞ்ச காலத்தில் ஒரு தீர்க்கதரிசி மழைக்காக ஜெபித்ததையும், அவருடைய வேலைக்காரன் ஏழு தரம் போய்ப் பார்த்துக் கடைசியில் கையளவு மேகம் கண்டதையும் நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். இவர்களோ போட்டி நடக்கக்கூடாது என்று மூன்று சனிக்கிழமையாகக் கிணற்றடியில் கூடி ஜெபித்திருக்கிறார்கள். மேகம் பார்க்கும் பொறுப்பு அபிஷாவுக்கு.

"நீங்க ஏசின அண்டைக்கு நான் ஆறு தரம்தான் ஏறினன்," என்றாள் அபிஷா. "ஏழாந்தரம் ஏற நீங்க விடல்ல. சுவரடியில நிண்டு எட்டிப் பாத்தன்."

"மேகம் தெரிஞ்சிச்சா?"

"ஓம் டீச்சர். சின்னன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பின்னால் நின்ற டிலுக்சனின் முகம் சிரிக்க விடவில்லை. அவன் அப்பா வயல் செய்கிறவர்.

"எங்கட வயல் வட்டைக்குள்ள தண்ணி ஏறிட்டு டீச்சர். பயிரெல்லாம் உள்ளுக்க நிக்கிது. நாங்க இவ்வளவு கேக்கல்ல. நீங்களும் சேந்தா நிப்பாட்டச் சொல்லிக் கேக்கலாம்."

எட்டு மாதமாக நான் கேட்டது அப்படியே என் வாசலில் சொட்டச் சொட்ட நின்றது.

துவாய்களை எடுத்துக் கொடுத்தேன். விறாந்தையில் முழந்தாளிட்டோம். நான் வாய் திறக்கத் தேவை இருக்கவில்லை. ஒருவர் முடிக்க முன்னர் அடுத்தவர் தொடங்கினார். "பிழை எங்கடதான் ஆண்டவரே, டிலுக்சன்ட அப்பா ஒண்டும் செய்யல்ல" என்று அபிஷா தேம்பினாள். நானும் தேம்பினேன். கடிகாரம் என்று ஒன்று சுவரில் இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை விட்டது. செவ்வாய் விடும் என்று வானொலியில் முன்பே சொன்னார்கள் என்கிறார் என் கணவர். சொல்லட்டும். பள்ளத்துப் பயிர் அழுகியது, மேட்டுப் பயிர் தப்பியது. டிலுக்சனின் அப்பா அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்து நன்றி சொன்னார்.

போட்டி தை மாதம் நடந்தது. நாங்கள் கடைசி. நான் இன்னும் அதே வகுப்புக்குத்தான் டீச்சர். சனிக்கிழமைப் பயிற்சி நின்றுவிட்டது, கிணற்றடிக் கூட்டம் நிற்கவில்லை. அதில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், விசில் கொண்டுவரக்கூடாது என்ற நிபந்தனையோடு.

உங்கள் வீட்டிலும் ஜெபம் என்றதும் தரையைப் பார்க்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். சோர்ந்து போகாதீர்கள். என் ஆண்டவர் உங்கள் ஜெபத்துக்கும் காது கொடுப்பார். பதில் நீங்கள் நினைத்த பக்கத்திலிருந்து வராது, அவ்வளவுதான்.

போன ஞாயிறு அபிஷா திரும்பவும் அந்த மேடையில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன மனே கேக்கிறீங்க?"

"அத உங்களுக்குச் சொல்ல ஏலாது டீச்சர்."

நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.