சாமி ஓட்டிய மினி பஸ்

பேரையூரைச் சுற்றியுள்ள மானாவாரி ஊர்களுக்கு இருபத்திரண்டு வருஷம் மினி பஸ் ஓட்டியவன் நான். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு கோழி, ஒரு கீரிப்பிள்ளை. மனுஷ உடம்பில் மட்டும் என் வண்டியால் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தவன்தான். அந்த ஒரு மாசத்துக்குப் பிறகு காலரை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

எல்லாம் முதுகுவலியில் ஆரம்பித்தது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் என் மச்சினன் வீடு. ஒரு சனிக்கிழமை அங்கே போய்த் தங்கியவன், மறுநாள் விடிந்ததும் குளத்தை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் வளைத்து வைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் முப்பது வயசுகூட ஆகாத ஒரு பெண். மலேசியாவில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டாராம். எல்லாரும் அவரை டீச்சர் என்றார்கள். இது சீகோங், தாவோ வழியில் வந்த சீனப் பயிற்சி, உடம்புக்குள் ஓடும் சக்தியை மூச்சாலும் கவனத்தாலும் ஒழுங்குபடுத்துவது என்று விளக்கினார். எனக்குச் சக்தியெல்லாம் வேண்டாம், முதுகு வலிக்காமல் இருந்தால் போதும் என்றேன். சிரித்துவிட்டு, வந்து நில்லுங்கள் என்றார்.

நின்றேன். நாலு ஞாயிற்றுக்கிழமையில் முதுகுவலி பாதி போய்விட்டது. ஐந்தாவது ஞாயிறு தொடை நடுங்க ஆரம்பித்தது. உள்ளங்கையில் சூடு, முதுகுத்தண்டில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. பயிற்சி முடிந்ததும் டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நடுக்கம் வரும், சூடு வரும், சில பேருக்கு அழுகையும் வரும். பயப்படாதீங்க. அது பின்னாடியே போகவும் செய்யாதீங்க. நிறுத்தணும்னு நெனச்சா நிறுத்த முடியணும். முடியலைன்னா அன்னைக்கே பயிற்சிய விட்டுட்டு எனக்கு போன் போடுங்க."

இன்னொன்றும் சொன்னார். கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. முடிக்கும்போது இரண்டு உள்ளங்கையையும் தொப்புளுக்குக் கீழே வைத்து, கவனத்தை அங்கே கொண்டுவந்து, முகத்தைத் தேய்த்து, கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது, தூக்கம் கெட்ட நாளில் கூடாது. நான் எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆட்டினேனே தவிர எதையும் செய்யவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நடுக்கம் பிடித்துப்போயிற்று. நாற்பத்தெட்டு வயசில், கியரும் கிளட்சுமாக மரத்துப்போன உடம்பு புதுசாக எதையோ எனக்குச் செய்துகாட்டுகிறது. விடுவேனா? செல்போனில் தேடித் தேடி வீடியோ பார்த்தேன். ஒருத்தன், நடுங்கினால் நடுங்க விடு, அடைப்பெல்லாம் உடைகிறது, தடுக்காதே என்றான். எனக்குத் தோதாகப் பேசினவனை நான் குருவாக்கிக்கொண்டேன். கால் மணி ஒரு மணியாயிற்று. முதல் டிரிப்புக்கு முன்னால், டீகூடக் குடிக்காமல், பஸ் நிறுத்தும் பொட்டலில் நிற்பேன். நேரமாகிவிடும், முடிக்க வேண்டிய முறைப்படி முடிக்காமல் அப்படியே ஓடிப்போய் ஸ்டீயரிங்கில் உட்காருவேன்.

கண்டக்டர் என்னைவிடப் பத்து வயசு சின்னவன், என்னோடு பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறவன். மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி நிற்கிறீர்கள், மரத்தைத்தான் காணோம் என்று கிண்டலடிப்பான். நான் கண்டுகொள்ளவில்லை. தூக்கம் குறைந்தது. உச்சந்தலையில் சூடு வந்து இறங்காமல் அங்கேயே நின்றது. டீக்கடையில் கிளாஸைப் பிடித்தால் என் கை பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்ட மாதிரி இருக்கும், பார்த்தால் சாதாரணக் கைதான். ஒருநாள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது காரணமே இல்லாமல் பொலபொலவென்று அழுதேன். இதெல்லாம் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

ஒரு வெள்ளிக்கிழமை. காளியம்மன் கோயில் ஸ்டாப்பில் வண்டி நிற்கிறது. ஊரில் காப்புக்கட்டு, கொட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. கியர் போடப் போகும்போது வலது கால் தானாகத் துள்ள ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. கால் இடுப்புக்கு ஏறி, இடுப்பு தோளுக்கு ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்த கை கடகடவென்று ஆடியது. தொண்டையிலிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று எனக்கே தெரியவில்லை.

கண்டக்டர் என்னைப் பிடித்துக் குலுக்குவான், வண்டியை ஆஃப் செய்வான் என்று பார்த்தால், பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினான். ஒரு பெண் ஓடி வந்து மஞ்சத்தண்ணியை என் முகத்தில் அடித்தாள். ஒரு பெரியவர் ஜன்னல் வழியாக என் நெற்றியில் விபூதியைப் பூசி, யார் வந்திருக்கிறீர்கள், காளியா, கருப்பனா என்று பயபக்தியோடு கேட்டார். நான் என்ன சொல்ல? பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நிமிஷத்தில் தானாக அடங்கிவிட்டது. சட்டையெல்லாம் நனைந்து, திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ஆள்கூட இறங்கவில்லை. டிரைவருக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்த முப்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். அது போக, அடுத்த வண்டிக்கு நின்றவர்களும் முண்டியடித்து என் வண்டியில் ஏறிவிட்டார்கள். சாமி ஓட்டுகிற வண்டிக்கு என்ன குறை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த வண்டியில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தன்தான்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் ஓனர் சாவியை வாங்கிக்கொள்வார் என்பது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக "ஏப்பா டிரைவரு, நிப்பாட்டுப்பா" என்று அதட்டினவர்கள் எல்லாம் கண்ணாடியில் கையெடுத்துக் கும்பிடுவது தெரிந்தது. அது இனித்தது.

வீட்டில் மட்டும் மரியாதை கூடவில்லை. ஒரு சிலிண்டரைத் தூக்கி வைக்கச் சொன்னால் எந்திரிக்காத மனுஷன் மேல், வேறு ஆளே கிடைக்காமல் சாமி வந்து இறங்கியதாக்கும் என்று என் மனைவி நொடித்தாள். பிறகு கிட்ட வந்து என் காலைத் தொட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். போகலாம் போகலாம் என்று தட்டிக்கழித்தேன். டீச்சருக்கும் போன் போடவில்லை. போட்டால் நிறுத்தச் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

பத்து நாள் ஓடியது. டேஷ்போர்டில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் கதம்பம். பயிற்சியை நான் விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நடுக்கம் நான் பயிற்சியில் நிற்கிற நேரத்தில் மட்டும்தான் வருகிறது, நம் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோராவது நாள், காலைப் பத்து மணி டிரிப். ஒரு ஸ்டாப்பில் ஒரு அம்மாளும் அவர் மகளும் நின்றிருந்தார்கள். மகளுக்கு நிறைமாதம். அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பதைப் பார்த்ததுமே வலி எடுத்துவிட்டது என்று தெரிந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லவில்லையா என்று பதறிக்கொண்டு கேட்டேன். அந்த அம்மாள் சிரித்த முகமாகச் சொன்னார்.

"கெளம்பித்தான் வந்துச்சு சாமி. நாந்தேன் வேணாம்னு போன் போட்டுச் சொல்லிட்டேன். நீங்க கொண்டுபோய்ச் சேத்தா எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

பேரையூர் ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர். இறங்குங்கள், ஆம்புலன்ஸைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். அந்தப் பெண்ணை எனக்கு நேர் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். இருபது நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று நானும் வண்டியை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

கண்மாய்க் கரைமேல் ஏறியபோது ஆரம்பித்தது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற ரோடு. வலது குதிகால் ஆக்சிலேட்டர் மேல் துள்ளத் தொடங்கியது. வண்டி குதிரை மாதிரி குதித்துக் குதித்துப் போகிறது. நில் என்றேன், காலுக்கு அது எட்டவேயில்லை. எனக்குப் பின்னால் அந்தப் பெண் அலறினாள். அதே நேரம் வண்டியிலிருந்த பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள்.

அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வண்டி தண்ணீரைப் பார்த்துப் போகிறது, உள்ளே குலவை!

கியரைத் தட்டி நியூட்ரலில் தள்ளினேன். இடது கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே, வலது காலை இடது காலால் உதைத்துத் தள்ளினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன் சக்கரத்துக்கும் கரை விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டில் குதித்தேன். கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதோடு நின்றுகொண்டே எல்லாரையும் பார்த்துக் கத்தினேன்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல. நான் ஒரு பயிற்சிய தப்பாச் செஞ்சு ஒடம்பக் கெடுத்து வச்சிருக்கேன். இந்தக் கால் எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது. எல்லாரும் எறங்குங்க."

யாரும் அசையவில்லை. சாமி கோபித்துக்கொண்டது, யார் தீட்டோடு ஏறினது என்று பின்னாலிருந்து ஒரு குரல் விசாரித்தது. ஒருவர் சூடம் இருக்கிறதா என்று கேட்டார். கண்டக்டர் இறங்கி வந்து, அண்ணே, வண்டியை எடுங்கள், பிள்ளை துடிக்கிறது என்று என் காதில் கெஞ்சினான். அவனைப் பிடித்து உலுக்கினேன். பன்னிரண்டு வருஷம் கூட ஓடினவனே என் கண்ணைப் பார்க்காமல் நெற்றி விபூதியைப் பார்த்துப் பேசினான். உண்மையைச் சொல்லியும் தப்பிக்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பெண்தான் எழுந்தாள். வேர்த்து வழிந்துகொண்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"யம்மா, அவருக்கு ஒடம்புக்கு முடியலம்மா. மூஞ்சியப் பாரு, பயந்துபோயி நிக்கிறாரு. நான் எறங்குறேன்."

அம்மா தடுத்தும் கேட்காமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் இறங்கியதும் மற்றவர்களும் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். கண்டக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். நல்ல காலம், அது வெகுதூரம் திரும்பிப் போயிருக்கவில்லை. அது வருகிறவரைக்கும் கரையிலிருந்த ஒரு கருவேலமர நிழலில் பெண்கள் அவளைச் சுற்றிச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் இந்தப் பக்கம் திரும்பி ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்கு முன்னாலேயே, ஆம்புலன்ஸுக்குள் பிள்ளை பிறந்துவிட்டதாம். பெண்பிள்ளை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று கண்டக்டர் வந்து சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகைக்குக் காரணம் இருந்தது.

அன்றைக்கே சாவியை ஓனரிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டித் தீர்த்துவிட்டு, ஷெட்டில் ஆயில், டயர் பார்க்கிற வேலையைக் கொடுத்தார். டீச்சருக்குப் போன் போட்டேன். அவர் திட்டவில்லை, எத்தனை மணி நேரம் நின்றீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார். நிற்பதை, உட்கார்ந்து கண்ணை மூடுவதை, வீடியோ பார்ப்பதை எல்லாம் அடியோடு விடுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெறுங்காலோடு நடங்கள், முதலில் நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றார். மதுரையில் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மூளையில் ஒன்றும் இல்லை, தூக்கம் வேண்டும் என்று மாத்திரை கொடுத்தார். உச்சியில் நின்ற சூடு இறங்க ஒரு மாசம் ஆயிற்று. நடுக்கம் மட்டும் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்தது.

ஊரில் யாரும் மாறவில்லை. சாமி கரையில் இறங்கி நின்று மறித்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்று கதை கிளம்பிவிட்டது. நான் மறுக்க மறுக்க அது வளர்ந்தது.

நாற்பது நாள் கழித்து அந்த அம்மாள் தாம்பாளத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தார். பின்னால் மகள், மார்பில் பிள்ளை. அந்த அம்மாள் சட்டென்று என் காலில் விழுந்துவிட்டார். நான் பதறி எழுந்து நின்றேன். அந்த அம்மாள் எழுந்து, என்னை உட்காரவைத்து, பிள்ளையைச் சாமி மடியில் போடு என்று மகளிடம் சொன்னார். மகள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"இப்ப கை நடுங்குதாண்ணே?"

அந்த ஊர்களில் அத்தனை பேரில் ஒருத்தர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நேத்து இல்லம்மா. இன்னைக்கு எப்படின்னு தெரியல."

"அப்ப நானே வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தைக் காட்டினாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன்.