சிவப்பியின் இடது முன்னங்கால்

குடியாத்தத்திலிருந்து வந்து தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஜட்கா வண்டி ஓட்டிய காத்தவராயன் யாரையும் எளிதில் நம்பமாட்டார். கொள்ளு வாங்கினால் மூட்டையின் அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். தங்க வயலுக்கு இன்னும் ரயில் வராத காலம். பவுரிங்பேட்டை ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை அவருடைய பெண் குதிரை சிவப்பிதான் இழுத்து வரும்.

1892 ஐப்பசியில் ஒரு காலை சிவப்பி இடது முன்னங்காலை ஊன்ற மறுத்தது. மூன்று நாள் முன்புதான் லாடக்காரன் மாணிக்கராஜ் அதற்கு லாடம் அடித்திருந்தான். அவனுடைய மச்சான் அந்த மாதம்தான் அதே பாதையில் புது ஜட்கா விட்டிருந்தான். காத்தவராயன் மனத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டன. வேண்டுமென்றே ஆணியைச் சதையில் இறக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினார்.

அவனையே கூப்பிட்டுக் காட்டலாம் என்றாள் மனைவி தாயம்மா.

“கெடுத்தவன் கையிலயே மறுபடியும் குடுக்கச் சொல்றியா?” என்றார் அவர். குறடு இரவல் வாங்கி வந்து தாமே லாடத்தைக் கழற்றினார்.

குளம்பு சுட்டது. அடிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டியபோது நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அதைத் தோண்டியதும் நாற்றத்தோடு சீழ் வடிந்தது. கூடவே ஒரு வெள்ளைக் கல் சில்லும் வந்தது. பாதையெங்கும் கொட்டிக்கிடக்கும் சுரங்கக் கல்தான். அதையும் மாணிக்கராஜே செருகியிருப்பான் என்றார் காத்தவராயன்.

உப்புப் போட்ட வெந்நீரைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, அதில் குளம்பை நனைத்தார்கள். சூடான தவிட்டைப் பிசைந்து அப்பிச் சாக்குத் துணியால் கட்டினார்கள். காலையும் மாலையும் கட்டு மாற்றினார்கள். சீழ் பட்ட துணிகளைச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார் காத்தவராயன். மாணிக்கராஜுக்குச் சேதி போய்விடக் கூடாதென்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே புதைத்தார்.

அந்தப் பார்வைதான் வினையாயிற்று. சுரங்கத்திலிருந்து தங்கம் களவு போகிறது என்று எங்கும் பேச்சாக இருந்தது. மூன்றாம் நாள் காலை சுரங்கக் காவல்காரர்கள் இருவர் வந்தார்கள்.

“இன்னாத்த பொதைக்கிற?” என்று ஒருவன் கேட்டான்.

துணி என்றார். நம்பவில்லை. குழியைத் தோண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கிளறினார்கள். பிறகு குதிரையின் கால்கட்டைக் காட்டி, அதற்குள் என்ன என்றார்கள். புண்ணில் மண் படும் என்று தாயம்மா கெஞ்சியும் கேட்கவில்லை. கட்டைப் பிரித்துத் தவிட்டைக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிவப்பி திறந்த புண்ணோடு புழுதியில் நின்றது. தாம் சொன்ன உண்மையை ஒருவனும் நம்பவில்லையே என்ற வேதனையில் காத்தவராயன் அன்று சாப்பிடவில்லை.

இரண்டு நாளில் வீக்கம் குளம்புக்கு மேலே ஏறியது. தாயம்மா அவரிடம் கேட்காமலே போய் மாணிக்கராஜை அழைத்துவந்தாள். காத்தவராயன் தடுக்கவில்லை. ஆனால் அவன் கத்தி பிடித்த கையிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

மாணிக்கராஜ் குளம்பைத் தன் தொடைமேல் தூக்கி வைத்தான். “என் ஆணி போன தடம் ஓரத்துல கீது. புண்ணு நடுவுல கீது. நீயே பாருண்ணே. கல்லு குத்தினதுதான். நீ விட்ட வழி சின்னது, சீழ் உள்ளயே நின்னுடுச்சி.”

வழியை அகலமாக்கினான். சீழ் முழுதும் இறங்கியது. மறுநாள் சிவப்பி கொள்ளு தின்றது. நான்காம் வாரம் அடியில் தோல் வைத்துப் புது லாடம் அடிக்க வந்தான். காத்தவராயன் அன்றும் குனிந்து ஒவ்வோர் ஆணியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் எம்மேல சந்தேகமாண்ணே?”

காத்தவராயன் நிமிர்ந்தார்.

“கொஞ்சம் கீது. அது என் புத்தி, உன் தப்பு இல்ல. மனசுல வெச்சிக்காத.”

மாணிக்கராஜ் அடுத்த ஆணியை எடுத்தான். அடுத்த திங்கட்கிழமை சிவப்பி மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பவுரிங்பேட்டையிலிருந்து வந்தது.