கயிறு சுற்றிய சக்கரங்கள்

விக்கிரமங்கலம் மாட்டுத் தரகர் கொளஞ்சியப்பனுக்கு இதுவரை யாரும் சிலை வைக்கவில்லை. வைப்பதாக முடிவானால், மோட்டார் சைக்கிளோடு சேர்த்து வைப்பதே முறை. அந்த மோட்டார் சைக்கிளையும் ஒரு புளியமரத்தில் கயிறு போட்டுக் கட்டிவைத்தால்தான் சிலை பொய் சொல்லாததாக இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போன ஓவர்சியர் ஒருவரிடம் ஒரு ஜோடிக் காளையைக் கொடுத்து, பதிலுக்கு அந்த வண்டியைப் பிடித்துவந்தார் கொளஞ்சியப்பன். பிடித்துவந்தார் என்பது அவர் சொன்ன சொல். வாங்குவதற்கு முன் அதைச் சுற்றிவந்து மாட்டுக்குப் பார்ப்பதுபோலச் சுழி பார்த்தார். முன்விளக்குக்குக் கீழே விரலை விட்டுப் பல் இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அதற்குச் சாட்சி இல்லை. ஆனால் பொங்கலுக்கு மறுநாள் வண்டியைக் குளத்துக்கு ஓட்டிப்போய்க் குளிப்பாட்டி, ஹேண்டில்பார் இரண்டு முனைக்கும் நீலப் பெயிண்ட் அடித்ததற்கு ஊரே சாட்சி.

ராத்திரி ஆனால் கட்டிவிடுவார். பூட்டு, சாவி எல்லாம் மனிதன் கண்டுபிடித்தவை, நம்ப முடியாது, கயிறு அப்படியல்ல. முன்சக்கரத்தில் நுழைத்து, பின்சக்கரத்தில் நுழைத்து, மரத்தைச் சுற்றி ஒரு முடிச்சு. அந்த முடிச்சில் அடங்காத காளை இல்லை.

ஒரு சந்தை நாள் காலையில் நேரமாகிவிட்டது. கொளஞ்சியப்பன் மரத்தடி முடிச்சை அவிழ்த்தார், வெற்றிலையை மடக்கி வாயில் போட்டார், உதைத்தார், பறந்தார். மரத்திலிருந்து அவிழ்த்தவர் சக்கரங்களிலிருந்து உருவ மறந்துவிட்டார். கயிறு முதலில் பின்சக்கரத்தோடு சமாதானமாகச் சுற்றியது. பிறகு முன்சக்கரத்தையும் பேச்சுவார்த்தைக்கு இழுத்தது. தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி நின்றது. கொளஞ்சியப்பன் மட்டும் கொஞ்சம் தொலைவு போய் எருக்குழியில் இறங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெற்றிலைகூட வாயைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் இரண்டு ரிம்மும் வெயிலில் காயப்போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டன. அச்சைச் சுற்றியும் கம்பிகளுக்கு ஊடேயும் கயிறு இறுகிப்போய், எது கயிறு எது கம்பி என்று பிரிக்க முடியாமல் கிடந்தது.

சைக்கிள் கடை மாயவனை அழைத்துவந்து காட்டினார்கள். அவர் சக்கரத்தைச் சுற்றப் பார்த்தார். அது சுற்ற மறுத்தது.

“இது கோட்டம் எடுத்து நிமுத்துற கேஸ் இல்லீங்க தரகரே. ரெண்டு சக்கரமும் புதுசு போடணும். இல்லன்னா வந்த விலைக்குத் தள்ளிவுட்டுடுங்க.”

“வேப்பெண்ணெ போட்டு நீவிப் பாக்கலாமா?”

“தாராளமா. சக்கரத்துக்கு இல்ல, உங்க இடுப்புக்கு.”

இப்படியாக ரிப்பேரா, விற்பனையா என்ற பெருங்கேள்வி அந்த வீட்டுக்குள் நுழைந்தது. நுழைந்தது வெளியேறவில்லை. அறுவடை முடிந்தது, கடலை காய்ந்தது, வண்டி புளியமரத்தடியிலேயே நின்றது. கொளஞ்சியப்பன் காலையில் ரிப்பேர் கட்சியிலும் மாலையில் விற்பனைக் கட்சியிலும் இருந்தார். மனைவி மலர்க்கொடிதான் எப்போதும் ஒரே கட்சி, தேர்க் கட்சி. கல்யாணத்தின்போது பெண் வீட்டார் முன்னிலையில் அவர் கொடுத்த வாக்கு ஒன்று உண்டு: மோட்டார் சைக்கிள் வாங்கி, கல்லங்குறிச்சித் தேருக்கு அவளைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போவது. வண்டி வந்த பிறகும் ஒவ்வொரு தேருக்கும் ஒரு சந்தை குறுக்கே வந்தது. வண்டியில் ஆட்டுக்குட்டி போயிருக்கிறது, புண்ணாக்கு மூட்டை போயிருக்கிறது. மலர்க்கொடி பஸ்ஸில்தான் போயிருக்கிறாள்.

“இந்தாங்க, நல்லாக் கேட்டுக்குங்க. இந்தத் தேருக்கு நான் பஸ்ல ஏற மாட்டேன். வண்டி ஓடுனா அதுல வரேன். ஓடலன்னா அத வித்துட்டு அந்த எடத்துல எனக்கு ஒரு எருமையக் கட்டுங்க. எருமையாச்சும் பால் குடுக்கும்.”

“எருமை மேல உக்காந்து தேருக்குப் போவியா?”

“அதுக்கும் தயாருதான். கட்டுன எடத்துலேர்ந்து அவுத்தா அது நடக்கும்.”

கொளஞ்சியப்பன் அன்று மாலை வழக்கம்போல விற்பனைக் கட்சிக்கு வந்தார். மறுநாள் காலையும் அதிலேயே இருந்தார். முகம் மட்டும் கன்று பறிகொடுத்த பசு மாதிரி இருந்தது.

வாங்க வந்தவர் அரும்பாவூர் முத்துசாமி. அவரும் மாட்டுத் தரகர்தான். பல சந்தைகளில் கொளஞ்சியப்பனோடு துண்டுக்குள் கைபோட்டவர். கொளஞ்சியப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவதைப் பார்த்து அத்தனை சந்தைகளிலும் வயிறு எரிந்தவர். வேட்டியை மடித்துக் கட்டி வண்டியை மூன்று முறை வலம் வந்தார்.

“காலு ரெண்டும் ஊனமாச்சே தரகரே.”

“காலுதான் ஊனம். குரலக் கேளுங்க.” கொளஞ்சியப்பன் உதைத்தார். அந்த வண்டிக்கு என்ன குறை இருந்தாலும் தொண்டை கெடவில்லை. கோழிகள் கூரை ஏறின.

முத்துசாமி துண்டை விரித்தார். இரண்டு கைகளும் அதற்குள் போயின. எங்கள் பக்கம் மாட்டு வியாபாரத்தில் விலை வாயால் பேசப்படுவதில்லை. துண்டுக்கடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். வெளியே இருவரும் மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கடும்போர். கொஞ்ச நேரத்தில் முத்துசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். முடிந்தது.

இங்கேதான் முத்துசாமி தன் பெருமையைக் காட்டினார். மடியிலிருந்து புத்தம்புது மஞ்சள் தடவிய கயிறு ஒன்றை எடுத்தார்.

“நான் மொறை தெரிஞ்சவன் தரகரே. வித்தவன் வூட்டுக் கயிறு வித்தவனுக்கே. அது போனா அந்த வூட்டு லட்சுமியே போயிடும். உங்க கயிறு எனக்கு வேணாம். இதோ, நம்ம கயிறு கொண்டாந்துட்டேன்.”

சுற்றி நின்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள். அரும்பாவூர்க்காரர் என்றால் அரும்பாவூர்க்காரர்தான்.

அப்போது வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த மலர்க்கொடி தலை நிமிராமல் சொன்னாள்: “அண்ணே, அப்போ எங்க வூட்டுக் கயித்தக் கழட்டிக் குடுத்துட்டு வண்டியக் கொண்டு போங்க.”

முத்துசாமி குனிந்தார். பின்சக்கரத்தில் இழுத்தார், முன்சக்கரத்தில் இழுத்தார். கயிறு அசையவில்லை. மாயவன் திருப்புளியால் நெம்பிப் பார்த்தார். பிறகு கொளஞ்சியப்பனும் நெம்பினார். நாணயத்துக்காக நெம்பினார், அதிகம் நெம்பவில்லை.

“கத்தி இருந்தாக் குடு தங்கச்சி, அறுத்துடுவோம்” என்றார் முத்துசாமி.

முறம் நின்றது.

“கட்டுன கயித்துல கத்தி வைப்பாங்களாண்ணே? மொறை தெரிஞ்சவங்க நீங்க. எனக்கு என்ன தெரியும், பொம்பள.”

கூட்டம் முத்துசாமியைப் பார்த்தது. முத்துசாமி கத்தியைப் பற்றிப் பேசியது தான் இல்லை என்பதுபோல வானத்தைப் பார்த்தார்.

“அப்ப என்னதான் செய்யறது?”

“கயிறு எங்க இருக்கோ அதோட எங்க வூட்லயே இருக்கட்டும். ரெண்டு சக்கரத்தையும் கழட்டி வச்சிடுங்க. நீங்க உங்க கயித்தக் கொண்டாந்த மாதிரி உங்க சக்கரத்தையும் கொண்டாந்து மாட்டிக்குங்க.”

மாயவன் இருமலால் சிரிப்பை மூடினார். முத்துசாமி துண்டுக்குள் கைகொடுத்துவிட்டவர். அதற்குப் பிறகு பின்வாங்கிய தரகனுக்கு எந்தச் சந்தையிலும் சுண்ணாம்புகூடக் கிடைக்காது. பஸ் ஏறினார். நாலைந்து நாள் கழித்து, திருச்சி பழைய சாமான் கடையில் பிடித்த இரண்டு சக்கரங்கள் பஸ் கூரையில் விக்கிரமங்கலம் வந்திறங்கின. முத்துசாமி அவற்றைத் தோளுக்கு ஒன்றாகச் சுமந்து வந்தது, பழைய படங்களில் வரும் திருமால் தவறுதலாக இரண்டு சக்கரம் எடுத்துக்கொண்டது போலிருந்தது.

மாயவன் மாட்டினார். சக்கரங்கள் சுற்றின. மஞ்சள் கயிற்றை ஹேண்டில்பாரில் கட்டி, முத்துசாமி ஏறினார். அவருக்கு ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. மாடு வாங்குபவனிடம் மேய்க்கத் தெரியுமா என்று கேட்பது மரியாதையில்லை.

வண்டி துள்ளியது. முத்துசாமி பிரேக்கைத் தேடவில்லை. “ஹோய்! ஹோய்! நில்லு!” என்று அதட்டி, கயிற்றை வலப்பக்கமாகச் சுண்டி இழுத்தார். நல்ல பழக்கமுள்ள எந்தக் காளையும் நின்றிருக்கும். இது வலப்பக்கம் திரும்பிக் கொளஞ்சியப்பனின் வைக்கோற்போருக்குள் புகுந்தது. வெளியே பின்சக்கரமும் முத்துசாமியின் உள்ளங்கால்களும் தெரிந்தன.

உருவி எடுத்தார்கள். காயம் இல்லை. மீசையில் வைக்கோல்.

“வெறி புடிச்ச உருப்படிய்யா இது” என்றார் முத்துசாமி, மூச்சு வாங்கிக்கொண்டு. வாங்கியதைத் திருப்பித்தர மானம் விடவில்லை. மறுபடி ஏற உயிர்ப்பயம் விடவில்லை. நெடுநேரம் மீசையைத் தட்டினார். “தரகரே, ஒண்ணு செய்வோம். உருப்படி என்னுது. உங்ககிட்ட வாரத்துக்கு விட்டுடறேன்.”

மாடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர், ஈனும் கன்றுகளில் ஆளுக்குப் பாதி என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. மோட்டார் சைக்கிளை வாரத்துக்கு விட்டது அதுவே முதல் முறை. நிபந்தனைகள் அங்கேயே பேசி முடிந்தன: சந்தை நாட்களில் கொளஞ்சியப்பன் ஓட்ட, முத்துசாமி பின்னால் உட்கார்ந்து வருவார். மற்ற நாட்கள் வளர்ப்பவருக்கு. தீனி, அதாவது பெட்ரோல், வளர்ப்பவர் பாடு.

“மொத ஈத்து யாருக்கு?” என்று கேட்டாள் மலர்க்கொடி.

“மொறைப்படி வளக்கறவங்களுக்குத்தான் தங்கச்சி.”

“அப்போ வர தேருக்கு வண்டி எங்களுக்கு.”

அவள் உள்ளே போய்விட்டாள். முத்துசாமி கொளஞ்சியப்பனைப் பார்த்தார். கொளஞ்சியப்பன் புளியமரத்தைப் பார்த்தார். விற்றும் வாசலைவிட்டுப் போகாமல், கைக்காசில் ரிப்பேரும் ஆகாமல், வண்டி அதே மரத்தடியில், ராத்திரியானால் சக்கரங்களில் மஞ்சள் கயிறு நுழைத்துக் கட்டப்பட்டு, புதுக்கால்களோடு நின்றது. அன்றிலிருந்து கொளஞ்சியப்பன் தன்னை ஒரு ராஜதந்திரி என்று கருதத் தொடங்கினார். மலர்க்கொடி மறுக்கவில்லை.

தேரன்று காலை மலர்க்கொடி மாம்பழ நிறப் புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து வந்தாள். வழியனுப்பத் தெரு முழுக்க நின்றது. கொளஞ்சியப்பன் மரத்தடி முடிச்சை அவிழ்த்தார், வெற்றிலையை மடக்கி வாயில் போட்டுக் காலைத் தூக்கினார்.

மலர்க்கொடி ஏறவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றிவந்தாள். முன்சக்கரத்தருகே குனிந்து, மஞ்சள் கயிற்றைச் சரசரவென்று இரண்டு சக்கரங்களிலிருந்தும் உருவி எடுத்தாள். அதைச் சுருட்டித் தன் கூடைக்குள் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் ஏறி அமர்ந்து, அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“ம்... இப்ப ஓட்டுங்க.”