நான் அமுக்கிய பச்சைப் பொத்தான்

செல்போன் செயலிகள் நம்மை ஏமாற்றிச் சம்மதம் வாங்கும் விதத்தைச் சொல்லித்தர, பரமபதம் போல ஒரு விளையாட்டை அட்டையில் வரைந்து பழவேற்காட்டுக்கு எடுத்துப் போனேன். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் ஒன்பது பெண்கள் வந்தார்கள்.

முதலில் வருகைப் பதிவு. சேற்றில் துழாவித் தேய்ந்த அவர்கள் விரல்களை என் டேப்லெட்டின் தொடுதிரை ஏற்கவே இல்லை. நேரமாகிறதென்று எல்லோருக்கும் நானே திரையில் வந்த பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

ஆட்டம் களைகட்டியது. பளிச்சென்ற பச்சைக் கட்டத்தில் காய் வைத்தால் பாம்பு கடிக்கும்; ஓரத்தில் மங்கலாக 'வேண்டாம்' என்றிருக்கும் கட்டம்தான் தப்பும் வழி. கடிபட்டவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரான மல்லிகா அக்கா மட்டும் காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏம்மா, காலையில எங்க வெரலு படலன்னு நீதானே பச்சைய அமுக்குன? எங்களுக்கோசரம் இன்னான்னு ஒத்துக்கின?"

டேப்லெட்டைக் கையில் எடுத்தேன். என் அலுவலகத்தில் கொடுத்த வருகைப் படிவம் அது. நான் படித்ததே இல்லை. திறந்தேன். அடியில் பொடி எழுத்து. அவர்களுடைய படம், போன் நம்பர், இறால் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கச் சம்மதம் என்றிருந்தது. உரக்கப் படித்துக் காட்டினேன்.

"அழிச்சிடும்மா," என்றார் அக்கா.

தேடித் தேடிப் பார்த்தேன். அழிக்க ஒரு பொத்தானும் இல்லை. அலுவலகத்துக்கு எழுதினேன்; இன்றுவரை பதில் இல்லை.

பிடித்த இறாலைப் போடும் கூடையைப் பல்லில் கவ்வியபடி அவர்கள் தண்ணீரில் நிற்கும் இடம் இப்போது யார் யாருக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது. அன்று அவர்களில் ஒருவர் விரலும் அந்தப் பொத்தானில் படவில்லை. பட்டது என் விரல்.