வெள்ளிக்கிழமை மீன் கிடையாது

ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆம்புரோஸ் சாப்பாட்டுக்கடை இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து, இருபத்தாறில் கடல் கடந்து வந்து அந்தப் பக்கம் வேலை பார்த்த தமிழர் யாரைக் கேட்டாலும் ஆம்புரோஸின் கைமணத்தைப் பற்றி ஒரு பாட்டம் பேசாமல் விடமாட்டார்கள். ஆம்புரோஸுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. மசாலா அரைப்பது முதல் மோர் கடைவது வரை எல்லாம் அவன் மனைவி கெர்ட்ரூட்டின் கை. வாசலில் நின்று "வாங்கண்ணே, உக்காருங்க" என்று சிரித்தவன் அவன் என்பதால் பேரும் அவனுக்கே போயிற்று.

கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே பலகைச் சுவர். அதில் ஒரு சின்ன சன்னல். ஒரு சட்டி நுழையும், முகம் தெரியாது. வருகிறவன் போகிறவன் கண்ணில் குடும்பப் பெண் படக்கூடாது என்று ஆம்புரோஸே அளவெடுத்து வைத்த சன்னல். பரிமாறுகிற கொழுந்தன் பெரியநாயகம் அந்த வழியாக "சோறு", "குழம்பு" என்பான். அதற்கு மேல் அண்ணியிடம் பேச அவனுக்கு ஒன்றும் இருந்ததில்லை. ஒரே மகள் ஆலிஸ் தைப்பிங்கில் கன்னியர் பள்ளியில் தங்கிப் படித்தாள். லீவுக்கு வந்தாலும் புகை ஆகாது என்று அடுப்படிப் பக்கம் வரமாட்டாள்.

கெர்ட்ரூட் முன்பு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். மரம் வெட்டிவிட்டு, பால் வடிகிற நேரத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "என்னா கொண்டாந்தே?" என்று ஒருத்தியின் தூக்குச்சட்டியில் இன்னொருத்தி கைவிடுவாள். அங்கே சோற்றுக்குப் பஞ்சம், பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஈப்போவில் அது அப்படியே தலைகீழாகிவிட்டது. ஊரே சாப்பிட்டு முடித்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின், நாலு மணிக்கு ஆறிப்போன சோற்றை நின்றபடியே விழுங்குவாள். ஒன்பது வருஷம் இப்படி.

அந்தச் சன்னலில் ஒருநாள் ஒரு டம்ளர் வந்தது. பிடித்திருந்த கையில், நடுவிரலில் மைக்கறை.

"அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம் தாங்கோ."

யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஆம்புரோஸ் ரசத்தை ஒரு தடவைக்கு மேல் விடமாட்டான் என்பதால் ஆள் தானே எழுந்து வந்துவிட்டார். அவள் ஊற்றினாள். டம்ளர் போகவில்லை.

"நீங்க சாப்பிட்டிட்டியளோ அக்கா?"

கெர்ட்ரூட் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றாள். சமைக்கிறவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று ஈப்போவில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "ஆச்சு" என்றாள். பச்சைப் பொய்.

அவர் பெயர் குலசிங்கம், ரயில்வேயில் கணக்கெழுதுகிற கிராணி, தனி ஆள். இதெல்லாம் ஆம்புரோஸ் வாசலில் வரவேற்கிற சத்தத்திலிருந்து அவள் பொறுக்கிச் சேர்த்த தகவல். தினமும் ஒன்றரை மணிக்கு டம்ளர் வரும், ரசம் போகும், கேள்வி வரும், பொய் போகும். அவ்வளவுதான். காதல், கத்தரிக்காய் என்று யாரும் கற்பனையை ஓட்ட வேண்டாம். அவர் முகம் வட்டமா நீளமா என்றுகூட அவளுக்குத் தெரியாது. குனிந்து பார்த்திருக்கலாம்தான். பார்க்கவில்லை. ஆனால் காலையில் அம்மியில் மிளகை வைக்கும்போதே ஒன்றரை மணி அவள் மனசில் வந்து உட்கார்ந்துவிடும்.

முதல் வெள்ளிக்கிழமை பெரியநாயகம் வந்து சொன்னான். "அந்த யாழ்ப்பாணத்து ஐயா இன்னிக்குச் சைவமாம் அண்ணி. பக்கத்து இலையில மீன் வாடை. பாதியில எழுந்து போயிட்டாரு."

அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் மீன் இல்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் பருப்பும்தான்.

ஆம்புரோஸ் குதித்தான். "வெள்ளிக்கிழமை சுத்தபோசனம்னா இறைச்சிதான் ஆகாது. மீனு என்னா பாவம் பண்ணுச்சு?"

"நேர்ச்சை" என்றாள் கெர்ட்ரூட்.

நேர்ச்சை என்று வந்துவிட்டால் புருஷன் வாய் திறக்க முடியுமா? விஷயம் மாதா கோயில் வரைக்கும் போய், சாமியார் மற்றப் பெண்களிடம் அவள் பக்தியை மெச்சிப் பேசினார். அவளுக்கு உடம்பு கூசிற்று. அவரிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். எந்தப் பாவத்தில் இதைச் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை டம்ளர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றிருந்தாள். ஒரு வாரம் போனதும், லீவில் ஊருக்குப் போயிருப்பார், பெண் பார்த்திருப்பார்கள் என்று தானே ஒரு கல்யாணத்தை நடத்தி வைத்தாள். ஒரு வார்த்தை ஆம்புரோஸைக் கேட்டால் தெரிந்துவிடும். இன்னொரு ஆம்பிளையைப் பற்றிப் புருஷனிடம் எந்த வாயால் கேட்பது? அவருக்கென்று ஒரு டம்ளர் ரசத்தைத் தினமும் அடுப்போரம் வைப்பதும், நாலு மணிக்கு ஆறிப்போனதைத் தானே குடிப்பதுமாக நாள் போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் மீன் கிடையாது. வந்து நின்று மீன் வாடையில் திரும்பிப் போய்விட்டால்?

எட்டாவது வெள்ளிக்கிழமை காலையில் ஆம்புரோஸ் பாசாரிலிருந்து ஒரு கூடை மீனோடு வந்து அடுப்படியில் இறக்கினான்.

"லூமுட்டுக் கடக்கரையிலேருந்து வந்த வவ்வா மீனு. இன்னிக்கு இதான் குழம்பு."

"நேர்ச்சை இருக்கு."

"என்னா நேர்ச்சைலா? இந்தக் கடையில வெள்ளிக்கிழமை சைவம் திங்கிறவரு அந்த யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருத்தருதான். அவரும் பாரிட் புந்தாருக்கு மாத்தலாகிப் போயி ரெண்டு மாசமாச்சு."

கெர்ட்ரூட் கூடைப் பக்கம் குனிந்துகொண்டாள். "சொல்லாமலா போயிட்டாரு?" கேட்கக்கூடாது என்றுதான் இருந்தாள், வாய் கேட்டுவிட்டது.

"சொன்னாரே. உங்கிட்ட ஏதோ சொல்லச் சொன்னாரு."

"என்னா?"

ஆம்புரோஸ் தலையைச் சொறிந்தான். "மறந்து போச்சு" என்று முன்பக்கம் போய்விட்டான்.

அவள் மீனை அலசினாள், துண்டு போட்டாள், புளி கரைத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. ரெண்டு மாசமாக ஒரு வார்த்தை அவளுக்கென்று இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்திருக்கிறது. அது தொலைந்தே போய்விட்டதா? அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

நண்பகலில் கடை நிரம்பி வழிந்தது. மீன் வாசனைக்குத் தெருவே உள்ளே வந்துவிட்டது போலக் கூட்டம். அந்த அமளியில் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஆம்புரோஸின் சிரிப்புக் கேட்டது.

"இந்தா, ஞாபகம் வந்துருச்சு! 'அக்கா தினமும் பொய்தான் சொல்றவா, அவாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ.' அதான் சொன்னாரு. சோத்துக்கடைக்காரிய சோறு திங்கச் சொல்றாரு பாரேன்! இதைப் போயி சொல்லணுமான்னு விட்டுட்டேன். சரி சரி, ரெண்டு குழம்பு குடு."

குழம்பு வரவில்லை.

கெர்ட்ரூட் கையைக் கழுவினாள். ஒரு இலையை எடுத்துத் தரையில் போட்டாள். ஆவி பறக்கிற சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அண்ணி, குழம்பு" என்றான் பெரியநாயகம். "அண்ணி?"

"உள்ள என்னா நடக்குது?" ஆம்புரோஸ் கத்தினான்.

"சாப்புடுறேன்!"

இவ்வளவு சத்தமாக அவள் ஈப்போவில் பேசியதே இல்லை. முன்பக்கத்தில் தலைகள் சன்னல் பக்கம் திரும்பின. சுவருக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்பது பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரியும்.

தான் வைக்கிற ரசம் சூட்டில் எப்படி இருக்கும் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. கண்ணிலிருந்து கொட்டிய தண்ணீருக்கு மிளகின்மேல் பழி போட முடியாது. கடைசிப் பருக்கை வரை நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டிருந்தால், அன்றைக்கு ஆச்சு என்று உண்மையையே சொல்லியிருக்கலாம். கேட்கிறவர் பாரிட் புந்தாரில் இருந்தார்.